கண்ணாடி தெளிந்தால்தான் பாதை தெரியும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அத்தகைய மழையில் எந்த வைப்பரும் உதவாது. வண்டியை மேடான இடத்தில் ஓரங்கட்டுவதே வழி. ஆனால், பொழிச்சலூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலைக்கு வருபவரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் சாதாரண மழைதான்.

அதன் காரணம் கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் வைப்பர் ரப்பர் இறுகி வெடிக்கிறது. ஐப்பசியில் அது நீரைத் துடைப்பதில்லை, கோடிழுக்கிறது. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கண்ணாடியில் எதிர்வண்டியின் விளக்கொளி சிதறி, சாலையைக் கடப்பவரை மறைத்துவிடும். புகையிலையைத் தேய்க்கும் பழைய லாரி ஓட்டுநர்களின் உத்தி சற்று நேரத்துக்கே. சோப்பு நீரால் பிசுக்கைக் கழுவி, ஆண்டுதோறும் செப்டம்பரில் ரப்பரை மாற்றுவதே மேல்.

கண்ணாடியின் உட்புறம் மூடுபனி படர்ந்தால், அது நம் மூச்சும் நனைந்த உடையும் தந்த ஈரம். ஏ.சி.யை இயக்கி, வெளிக்காற்றை உள்ளே விட்டு, காற்றைக் கண்ணாடியின்மீது திருப்ப வேண்டும். வெளிப்புறம் படர்ந்தாலோ கண்ணாடி மிகவும் குளிர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஏ.சி.யின் குளிரைக் குறைத்து, வைப்பரை ஓட்டினால் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு குளிரைக் கூட்டுவோரே அதிகம்.

செம்மையாக இயங்கும் வைப்பரை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. ஆயினும், சொந்த கார்களுக்கு முதல் 15 ஆண்டுகள் தகுதிச் சோதனை கிடையாது. அதுவரை ரப்பரைப் பார்க்க வேண்டியவர் உரிமையாளர் மட்டுமே.