நாசகாரிக் கப்பல்களுக்குத் தளங்கள்: பிரிட்டன்–அமெரிக்க உடன்பாடு, 1940

1940 செப்டம்பர் 2 அன்று வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதர் லோதியன் பிரபுவும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டல் ஹல்லும் மாற்றிக்கொண்ட கடிதங்களால் உருவான ஏற்பாடு இது. முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பில் கட்டப்பட்ட 50 அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் பிரிட்டனுக்குப் போயின. நியூபவுண்ட்லாந்து, பெர்முடா, பஹாமாஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா ஆகிய இடங்களில் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு 99 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. ஜெர்மானியப் படை ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவிடும் என்ற அச்சம் உச்சத்தில் இருந்த வாரங்களில் பேசி முடிக்கப்பட்டதால், ஆபத்தில் சிக்கிய நண்பனுக்கு நீட்டிய உதவிக்கரம் என்றே இதைச் சொல்வது வழக்கம். அந்தக் கோடையில் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையே போய்வந்த செய்திகள் வேறு கதை சொல்கின்றன. பிரிட்டன் விழுந்தால் அதன் கடற்படை யார் கைக்குப் போகும் என்ற கவலைதான் பேச்சை முன்னே தள்ளியது.

பிரதமராகி ஐந்தே நாளில், மே 15 அன்று, 40 அல்லது 50 பழைய நாசகாரிக் கப்பல்களை இரவல் தரும்படி சர்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டிடம் கேட்டார். அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும், இது தக்க தருணமல்ல என்று மறுநாளே பதில் வந்தது. மே 20 அன்று சர்ச்சில் எழுதியது வேறு தொனியில் இருந்தது. தம் அரசு கவிழ்ந்து, இடிபாடுகளுக்கு நடுவே ஜெர்மனியுடன் பேரம் பேச வேறொருவர் வந்தால், அவர் கையில் மிஞ்சும் ஒரே சரக்கு கடற்படைதான் என்றார். புலம்பல் போலத் தோன்றினாலும் அது மிரட்டல்தான். கப்பற்படையை முன்கூட்டியே அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்யும் உறுதியைப் பெற, கனடாப் பிரதமர் மெக்கன்சி கிங் வழியாக ரூஸ்வெல்ட் முயன்றார். தூது போன கிங்குக்கே அது தர்மசங்கடமாக இருந்தது. சர்ச்சில் பிடிகொடுக்கவில்லை, உறுதியைத் தந்துவிட்டால் உதவ வேண்டிய அவசரம் அமெரிக்காவுக்கு இராதே. ஜூலை 3 அன்று அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில், நேற்றுவரை கூட்டாளியாக இருந்த பிரான்சின் கப்பல்கள் ஜெர்மனியின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, பிரிட்டிஷ் கடற்படை அவற்றைத் தாக்கியது. ஏறத்தாழ 1,300 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தனர். கொடுமையான செயல்தான், ஆனால் லண்டன் பணியப்போவதில்லை என்பதை வாஷிங்டனுக்கு எந்தத் தூதரின் சொல்லையும்விட அது தெளிவாகச் சொன்னது.

அடுத்த முட்டுக்கட்டை சட்டம். நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையில்லை என்று கடற்படைத் தலைமை அதிகாரி சான்றளித்தாலொழியக் கப்பலைக் கைமாற்றக் கூடாது என்று ஜூன் 28 அன்று அமெரிக்காவில் சட்டம் வந்திருந்தது. சும்மா கொடுத்தால் அதிகாரி ஸ்டார்க்கால் கையெழுத்திட முடியாது. பதிலுக்குத் தளங்கள் கிடைத்தால் மொத்தத்தில் பாதுகாப்பு கூடுகிறது என்று சொல்லலாம். நவம்பரில் தேர்தலை எதிர்நோக்கிய ரூஸ்வெல்டுக்கும் லாபகரமான பேரம் என்று காட்டுவதே வசதி. சர்ச்சிலுக்கோ பேரம் என்ற பேச்சே ஆகாது. ஓட்டைக் கப்பல்களுக்குப் பேரரசின் நிலத்தை விற்றதாக ஆகிவிடும். ஆகவே ஏற்பாட்டையே இரண்டாகப் பிளந்தார்கள். நியூபவுண்ட்லாந்தும் பெர்முடாவும் அன்பளிப்பு. மற்ற ஆறும் கப்பல்களுக்கு ஈடு. கடற்படையைச் சரணடையச் செய்யமாட்டோம் என்ற உறுதி தனிக் கடிதமாகப் போனது. ஒரே செயலை இரண்டு தலைவர்களும் தத்தம் மக்களிடம் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. இந்த ராஜதந்திரத்தின் திறமை முழுதும் அங்கேதான் இருக்கிறது.

கப்பல்களால் படையெடுப்பு நின்றதா என்று கேட்டால், இல்லை. முதல் கப்பல்கள் ஹாலிஃபாக்ஸில் கைமாறியது செப்டம்பர் 9 அன்று. ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையின்றி ஒத்திவைத்தது செப்டம்பர் 17 அன்று. அதற்குக் காரணம் பிரிட்டிஷ் விமானப்படையும் ஏற்கெனவே இருந்த கடற்படையும். வந்த கப்பல்களில் பலவற்றைப் பழுதுபார்க்கவே மாதங்கள் பிடித்தன. ஆனால் இதை வைத்து உடன்பாட்டை வீண் என்பவர்கள் கப்பல்களை மட்டும் எண்ணுகிறார்கள். போரிடும் நாட்டுக்கு நடுநிலை நாடு போர்க்கப்பல் தருவதை 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை தடைசெய்திருந்தது. அந்தக் கோட்டை வெளிப்படையாகத் தாண்டிய பிறகு அமெரிக்காவை நடுநிலை நாடு என்பது பேச்சளவில்தான். நேச நாடுகளுக்கு அமெரிக்கா போர்த் தளவாடங்கள் வழங்க வழிசெய்து 1941 மார்ச்சில் வந்த கடன்–குத்தகைச் சட்டத்துக்கு இந்த உடன்பாடு பாதை போட்டது.

லண்டன் அதிக விலை கொடுத்துவிட்டது என்ற குறை இன்னும் வலுவானது. ஆனால் அந்த விலையைக் கொடுத்தது லண்டன் அல்ல. குத்தகைக்குப் போன தீவுகளின் மக்களை யாரும் கேட்கவில்லை. டிரினிடாட்டின் பிரிட்டிஷ் ஆளுநர் ஹியூபர்ட் யங் தளத்துக்கு வேறு இடம் சொன்னதைக்கூட ஏற்காமல், சாகுவாரமஸ் தீபகற்பத்தை அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டது. பின்னாளில் பிரிட்டிஷ் கரீபியத் தீவுகள் சேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சி தன் தலைநகருக்குத் தேர்ந்தெடுத்தது அதே இடத்தை. தளத்தைத் திருப்பிக் கேட்டு 1960 ஏப்ரலில் டிரினிடாட்டின் அரசுத் தலைவர் எரிக் வில்லியம்ஸ் கொட்டும் மழையில் ஊர்வலம் நடத்தினார். 1961-இல் குத்தகை திருத்தி எழுதப்பட்டபோது டிரினிடாட்டின் பிரதிநிதிகளும் அந்தப் பேச்சில் உட்கார்ந்தார்கள்.