கோடை விடுமுறைக்கு எங்கே போவது? கிளியனூரிலிருந்து ஒரு வரலாற்றுக் கணக்கு

ஏப்ரல் மாதம் பிறந்தாலே எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். "இந்த லீவுக்கு எங்கே போறது?"

அப்பா ஊட்டி என்பார். தங்கச்சி கொடைக்கானல் என்பாள். அம்மா "எங்கே போனாலும் சமைக்காம இருந்தா சரி" என்பார். ஆயாவுக்கு மட்டும் பல வருடமாக ஒரே பதில். "எனக்கு செஞ்சிக்கோட்டைய காட்டுங்கடா, போதும்." கிளியனூரிலிருந்து திண்டிவனம் போய் பஸ் மாறினால் செஞ்சி. அரை நாள் விஷயம். பக்கத்தில் இருப்பதாலேயே இதுவரை போனதில்லை! ஆயாவுக்கு இப்போது முட்டிவலி. இந்த வருடம் போகாவிட்டால் அப்புறம் எப்போது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பி.காம். படிப்பதால் வீட்டில் வரவு செலவு நோட்டு என் கையில். "நீயே ஒரு லிஸ்ட் போடு" என்றார் அப்பா. லிஸ்ட் போட உட்கார்ந்தபோதுதான், ஊர்களைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோடை என்றால் மலை என்று யார் சொன்னது?

நம் முன்னோர்கள் வெயிலுக்குப் பயந்து மலை ஏறியதாகத் தெரியவில்லை. அவர்களுடைய பயணம் பெரும்பாலும் கோயில், திருவிழா, சொந்தக்காரர் வீடு என்றுதான் இருந்தது. கோடைக்கு மலைக்குப் போகும் பழக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்குப் போனார். பிறகு ஊட்டியில் கல் வீடு ஒன்று கட்டினார். அந்தக் குளிர் அவருக்குத் தன் நாட்டை ஞாபகப்படுத்தியிருக்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடை வந்தால் ஃபைல்களைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஓட ஆரம்பித்தது. 1908-ல் அது ஊட்டி வரை நீண்டது.

துரைமார்கள் போன இடத்துக்குப் பிறகு அதிகாரிகள் போனார்கள், அப்புறம் சினிமாக்காரர்கள், அப்புறம் நாம் எல்லோரும். கூட்டம் எந்த அளவுக்குப் போனது என்றால், 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் போட்டார்கள். குளிரை அனுபவிக்கப் போய் டிராஃபிக்கில் வேர்த்துக்கொண்டு நிற்பதற்கு நம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டே போதுமே!

பொருளாதார வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ஒன்றை வாங்கும்போது அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோமோ, அதுதான் உண்மையான விலை. ஊட்டிக்குப் போனால் பணம் தீரும், லீவும் தீரும். அதற்கு மேல், ஆயாவின் செஞ்சி இன்னொரு வருடம் தள்ளிப்போகும். இந்தக் கடைசிச் செலவை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஊட்டியை அடித்துவிட்டேன்.

செஞ்சி

லிஸ்டில் முதல் பெயர் இதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் எழுப்பிய கோட்டை. நாயக்கர்கள் ஆண்டார்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தானிடம் போனது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் அன்று பிடித்தது பிறகு அவர் மகனின் உயிரையே காப்பாற்றியது. முகலாயர்கள் மராட்டியத்தை நெருக்கியபோது ராஜாராம் 1689-ல் தப்பி வந்து தங்கியது செஞ்சியில்தான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையை ஆரம்பித்தார். கோட்டை விழுந்தது 1698-ல்! அதற்குள் ராஜாராம் நழுவிப் போய்விட்டார். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். இத்தனை கை மாறிய சொத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டால் எத்தனை பக்கம் வரும் என்று யோசித்துப் பாருங்கள் :)

ஆனால் ஆயாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவருக்கு வேண்டியது தேசிங்குராஜன். சின்ன வயதில் விடிய விடிய கூத்து பார்த்து அழுத கதை அது. வரலாற்றில் அவர் பெயர் தேஜ் சிங். புந்தேல ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் முகலாயருக்காகக் கோட்டையைக் காத்தவர். 1714-ல் அப்பா இறந்ததும் மகன் உரிமையோடு வந்து உட்கார்ந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிப் பணத்தைக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. அதே வருடம் சண்டை. 22 வயதில் தேசிங்கு இறந்தார் என்பார்கள்.

ஒரு வரி பாக்கித் தகராறு, மக்கள் வாயில் மூன்று நூற்றாண்டுக் காவியமாகிவிட்டது. ஆண்டது சில மாதங்கள்தான். இருநூறு வருடம் ஆண்டவர்கள் பெயரெல்லாம் மறந்துபோச்சு, இந்தப் பையன் பெயர் மட்டும் நிற்கிறது. என் வயதுதான் அவருக்கும். அதனாலோ என்னவோ, இதைப் படித்த அன்று இரவு ஆயாவின் பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

முட்டிவலிக்கு என்ன செய்வது? ராஜகிரி சுமார் 800 அடி. ஆயாவால் முடியாது. ஆனால் தேசிங்குராஜனின் சிதையும், அவர் மனைவி உடன்கட்டை ஏறியதாகச் சொல்லும் இடமும் கீழேயே, செட்டிகுளத்தின் கரையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் கூட கீழேதான். ஆயா பார்க்க நினைப்பதற்குப் படியே ஏற வேண்டாம்! காலையில் சீக்கிரம் போய்விட்டால் நானும் தங்கச்சியும் மேலே ஏறி வரலாம்.

இன்னொரு விஷயம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். பாரிஸில் கூட்டம் போட்டு எடுத்த முடிவை எங்கள் ஆயா எத்தனையோ வருடம் முன்பே எடுத்துவிட்டார்.

மற்ற ஊர்கள்

மண்டகப்பட்டு: செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் சொல்லும் குகைக்கோயில் இதுதான். 7-ம் நூற்றாண்டு. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களில் பலருக்கு அதற்கு முந்தைய முயற்சி இங்கே நடந்தது தெரியாது. சேர்த்தாயிற்று.

திருவக்கரை: பாடல் பெற்ற கோயிலும் வக்கிரகாளியம்மனும் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள், மண்ணில் புதைந்து கல்லாகிக் கிடக்கின்றன. அம்மாவுக்கு அம்மன், தங்கச்சிக்குக் கல்மரம். ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டு லாபம். சேர்த்தாயிற்று.

ஆலம்பரை: கடப்பாக்கம் பக்கம் கடலோரக் கோட்டை. 1750-ல் முசாபர் ஜங் இதை டூப்ளேவுக்குக் கொடுத்தார். நாணயம் அடித்த இடம். 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். இடிபாட்டுக்கு மேல் கழிமுகக் காற்று, கீழே படகுகள். அப்பாவுக்குக் குளிர்ச்சிதானே வேண்டும்? இங்கே கடல் காற்று இலவசம். சேர்த்தாயிற்று.

அரிக்கமேடு: 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய ஜாடித் துண்டுகளைக் காட்டி உலகத்துக்கே பெயர் தெரியவைத்த இடம். ஆனால் தோண்டிய குழிகளை மூடிவிட்டதால் நேரில் பார்க்க அதிகமில்லை. பொருட்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேறொரு நாள் புதுச்சேரிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கழுவேலி: பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. வெளியூர்ப் பறவைகள் வருவது குளிர்காலத்தில். மே மாதம் போனால் வெயிலைத்தான் பார்க்கலாம். மார்கழிக்கு ஒத்திவைப்பு.

விட்டுப்போன ஒரு ஊர்

லிஸ்டை முடித்து வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் சம்மதம். ஆயா மட்டும் கேட்டார்: "நம்மூரு கோயிலு எங்கடா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. எங்கள் கிளியனூர்தான் பழைய திருக்கிளியன்னவூர். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஊர். தேவாரத் தலங்கள் 274 என்று நெடுநாள் கணக்கு இருந்தது. 1917-ல் திருவிடைவாய்ப் பதிகம் ஒரு கல்வெட்டிலிருந்து கிடைத்தது. எங்கள் ஊர்ப் பதிகமும் பிற்காலத்தில்தான் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து 276 ஆயிற்று. அதாவது பல நூற்றாண்டுகள் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. அதற்காகக் கோயில் எங்கேயும் போய்விடவில்லை. சாமி இருந்தார், விளக்கேற்ற ஆளும் இருந்தார்கள். எழுதி வைத்த ஓலைதான் கண்ணில் படாமல் இருந்தது.

அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். பட்டியலில் இல்லை என்றால் அந்த ஊரே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் பட்டியல் போடுகிறவன் தன் வாசலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

இப்போது லிஸ்ட் இப்படி இருக்கிறது. முதல் நாள் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயில், பிறகு செஞ்சி, திரும்பும் வழியில் மண்டகப்பட்டு. இரண்டாம் நாள் திருவக்கரை. மூன்றாம் நாள் ஆலம்பரை. ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்கு வந்துவிடலாம், லாட்ஜ் செலவு பூஜ்யம். "அப்ப ராத்திரி சமையல்?" என்று அம்மா கேட்டார். மூன்று நாளும் ராத்திரி பரோட்டா பார்சல் என்று நோட்டில் தனி வரியாக எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

ஊட்டியில் மிச்சமான பணத்தில் ஆயாவுக்கு ஒரு நல்ல கைத்தடி வாங்க வேண்டும். ராஜகிரிக்கு இல்லை, செட்டிகுளக்கரை வரைக்கும்தான்.

நீங்களும் இந்தக் கோடைக்கு லிஸ்ட் போடும் முன் வீட்டில் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் நண்பர்களே. அவர்களிடம் பழைய லிஸ்ட் ஒன்று கட்டாயம் இருக்கும்.