வீட்டுக் கல்விக்கு ஒரு தராசு

எங்கள் உளுந்தூர்பேட்டையில் சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நம்மிடம் வந்தார். அவருடைய மகள் வீட்டிலிருந்தே திருக்குர்ஆனை ஓதி முடித்து, தமிழும் கணக்கும் கற்றவள். "ஹஜ்ரத், என் பிள்ளை எந்த வகுப்பு மட்டுக்குப் படித்திருக்கிறாள் என்று யார் சொல்வார்கள்?" என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆயினும் விடை காண வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்ட வேண்டியதாயிற்று.

வீட்டில் கற்பது நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் பலர் அரபுத்தமிழ்க் கிதாபுகளை வீட்டுத் திண்ணையிலும் உள்ளறையிலுமே கற்றனர். அவர்களுக்குத் தேர்வுத்தாள் இருந்ததில்லை. உஸ்தாது செவிமடுத்துக் கேட்டு "போதும்" என்றால் அதுவே சான்று. பெரியோர்க்கோ கடுஞ்சோதனைகளும் இருந்தன. இமாம் புகாரி (ரஹ்) பக்தாதுக்கு வந்தபோது, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக 100 ஹதீதுகளை அறிவிப்பாளர் தொடர் மாற்றிக் கேட்டனர். இமாமவர்கள் ஒவ்வொன்றையும் உரிய தொடருடன் திருத்திச் சொன்னார்கள் என்று கத்தீபுல் பக்தாதி பதிவு செய்துள்ளார். எங்கே கற்றீர் என்று அங்கு எவரும் வினவவில்லை; கற்றது எது என்பதையே சோதித்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சோதனை வேறு உருக்கொண்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, மெட்ரிகுலேஷன் தேர்வு உயர்கல்வியின் வாயிலாயிற்று. இங்கிலாந்தில் 1862-இல், பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பெற்ற தேர்ச்சிக்கேற்பப் பள்ளிகளுக்குப் பணம் தரும் முறை வந்தது. சென்னை மாகாணத்திலும் அதையொத்த மானியமுறை திண்ணைப் பள்ளிகள்வரை பரவியது. அதன் விளைவு யாது? இன்ஸ்பெக்டர் கேட்பதையே வாத்தியார் கற்பித்தார். அவர் கேட்காதது பாடமன்று என்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது. தேர்வைக் கல்வியின் எஜமானனாக்கினால் நேரும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் தேர்வை வெறுத்தொதுக்குவதும் முறையன்று. மதரஸாவில் ஓதிய நம்மைப் போன்றோர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாத் தேர்வு அரசுப் பள்ளிகளில் அரபாசிரியராகும் வழியைத் திறந்தது. இன்றும் பள்ளிக்குச் செல்லாதோர்க்காக எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. 12½ வயது நிறைந்தவர் தனித்தேர்வராக எழுதலாம். 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டமாகத் தோன்றி, 1989-இல் தனியமைப்பான தேசிய திறந்தநிலைப் பள்ளியும் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான படிகளை வைத்திருக்கிறது. எல்லார்க்கும் ஒரே வினாத்தாள் வைக்கும் தேர்வுகளில், வீட்டில் கற்ற ஏழைப் பெண்ணும் பெரும்பள்ளியில் கற்ற செல்வர் மகனும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். இது சிறிய நீதியன்று.

2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கியது. ஆகவே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. ஏதோ காரணத்தால் வீட்டில் கற்கும் பிள்ளை, குறிப்பாக நம் பெண்பிள்ளை, கற்றிருந்தும் கல்லாதவளாக எண்ணப்படலாகாது என்பதே நம் கவலை.

தானியம் நிறுக்கும் தராசு எடையைச் சொல்லும். விதை முளைக்குமா என்பதைச் சொல்லாது. அத்தாயாருக்கு நாம் கூறியது இதுவே: "எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதச் செய்யுங்கள், அம்மா. அது அவளுக்கு வாசலைத் திறக்கும். ஆனால் அத்தேர்வுக்காக மட்டும் கற்பிக்காதீர்கள். அவளுடைய ஓதலுக்கும் ஒழுக்கத்திற்கும் சான்றளிக்க வேண்டியவர்கள் நீங்களும் அவளுடைய உஸ்தாதும்தாம்."