வெட்ஜ் மட்டைகளின் வரலாறு

வெட்ஜ் என்பது கோல்ஃப் ஆட்டத்தில் குறைந்த தூர அடிகளுக்குப் பயன்படும், இரும்புத் தலை கொண்ட மட்டை. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆப்பு என்று பொருள். பந்தை உயரமாக எழுப்பி, விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிறுத்துவது இதன் வேலை. குழியைச் சுற்றி வழுவழுப்பாக வெட்டப்பட்ட புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அந்தக் கிரீனை நெருங்கிய பின் ஆடும் பகுதியே குறுந்தொலைவு ஆட்டம். அதில் மிகுதியும் கைகொடுப்பவை வெட்ஜ் மட்டைகளே.

இன்று பிட்சிங் வெட்ஜ், கேப் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், லாப் வெட்ஜ் என நான்கு வகைகள் பரவலாக விற்கப்படுகின்றன. இவை ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சந்தித்த ஒரு சிக்கலுக்கு விடையாக வந்தது. ஒரு மட்டை ஆட்டக்காரரின் திறமைக்கு எந்த அளவு துணை செய்யலாம் என்ற கேள்வியும் இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து எழுந்திருக்கிறது.

மூன்று அடிப்படைக் கூறுகள்

வெட்ஜின் இயல்பை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு. இது டிகிரியில் அளக்கப்படும். சாய்வு கூடக்கூடப் பந்து உயரமாக எழும்; தூரம் குறையும்.

இரண்டாவது பவுன்ஸ். மட்டையின் அடிப்பாகத்தில் பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் அளவை இது குறிக்கிறது. பவுன்ஸ் கூடுதலாக உள்ள மட்டை மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும்.

மூன்றாவது கிரூவ் எனப்படும் வரிப்பள்ளங்கள். மட்டைக்கும் பந்துக்கும் இடையில் சிக்கும் புல்லும் ஈரமும் இவற்றின் வழியே விலகுவதால், முகம் பந்தைப் பற்றிப் பின்சுழற்சி தர முடிகிறது.

வெட்ஜுக்கு முந்தைய காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தில் இறகு அடைத்த தோல் பந்துகளே ஆட்டத்தில் இருந்தன. இரும்பு மட்டை பட்டால் அந்தப் பந்து கிழிந்துவிடும். எனவே இரும்பு மட்டைகள் இக்கட்டான இடங்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, வண்டிச் சக்கரம் பதிந்த தடத்தில் சிக்கிய பந்தை எடுப்பதற்கான சிறு தலை கொண்ட ரட் அயர்ன்.

1848 அளவில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசினால் ஆன பந்து வந்தது. அது மலிவானது, இரும்பின் அடியையும் தாங்கியது. அதன்பின் இரும்பு மட்டைகள் பெருகின. மேஷி, நிப்லிக் போன்ற பெயர்கள் வழக்கில் வந்தன. இவற்றுள் முகம் மிகவும் சாய்ந்திருந்த நிப்லிக்தான் மணலுக்கும் அடர்ந்த புல்லுக்கும் உரிய மட்டையாக இருந்தது. ஆனால் அதன் அடிப்பாகம் மெல்லியது. பங்கர் எனப்படும் மணற்பள்ளத்தில் சற்று ஆழமாக அடித்தால் மட்டை மணலில் புதைந்துவிடும். மணலைத் தொடாமல் பந்தை மட்டும் மெல்லக் கிள்ளி எடுக்க அரிய திறமை வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கும் பங்கர் அச்சமூட்டிய காலம் அது.

குழிந்த முகமும் தடையும்

இந்தச் சிக்கலுக்கு முதலில் பெயர் பெற்ற தீர்வு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்தது. எட்வின் மெக்ளெய்ன் என்பவர் கரண்டிபோல் குழிந்த முகமும் கனத்த அடிப்பாகமும் கொண்ட மட்டைக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். பாபி ஜோன்ஸ் 1930இல் இங்கிலாந்தின் ஹாய்லேக் திடலில் நடந்த ஓப்பன் போட்டியின் இறுதிச் சுற்றில், 16ஆம் குழிக்கான ஆட்டத்தில் இவ்வகை மட்டையால் பங்கரிலிருந்து பந்தை எடுத்துக் குழிக்கு மிக அருகில் நிறுத்தினார். அந்தப் போட்டியை அவர் வென்றார். அக்காலத்தில் பெரும் போட்டிகளாகக் கருதப்பட்ட நான்கையும் அவர் ஒரே ஆண்டில் வென்றது அந்த 1930இல்தான்.

ஆனால் குழிந்த முகத்தில் ஒரு குறை இருந்தது. ஒரே வீச்சில் பந்து இரு முறை மட்டையில் படக்கூடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1931இல் குழிந்த முகம் தடைசெய்யப்பட்டது. தடை முகத்தின் வடிவத்துக்கு மட்டுமே. கனத்த அடிப்பாகம் என்ற கருத்து பிழைத்துக்கொண்டது.

சாரசனின் சாண்ட் வெட்ஜ்

அந்தக் கருத்தை முழுமைப்படுத்தியவர் அமெரிக்க வீரர் ஜீன் சாரசன். பங்கர் ஆட்டத்தில் தாம் பின்தங்கியிருப்பதை அவர் உணர்ந்திருந்தார். விமானம் ஓட்டப் பழகியபோது, வால் பகுதி தாழ்கையில் மூக்கு மேலெழுவதைக் கண்டதே தமக்கு வழிகாட்டியது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். 1931-32 குளிர்காலத்தில் ஃபுளோரிடாவில் ஒரு நிப்லிக் மட்டையின் அடிப்பாகத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழுமாறு அராவி அராவிச் சோதித்தார். முகம் தட்டையாகவே இருந்ததால் அது விதிக்கு முரணாகவில்லை.

இந்த மட்டை பந்தைத் தொடவே வேண்டியதில்லை. பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலில் அடித்தால் போதும். அடிப்பாகம் மணலில் வழுக்கிச் செல்ல, தள்ளப்படும் மணலே பந்தைத் தூக்கி வெளியே போடும். மணலைத் தவிர்ப்பதே திறமை என்றிருந்த ஆட்டத்தில், மணலையே கருவியாக்கியது இந்த மாற்றம்.

1932 ஓப்பன் போட்டி இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் உள்ள பிரின்சஸ் திடலில் நடந்தது. அதிகாரிகள் கண்டால் தடைசெய்துவிடுவார்கள் என்று அஞ்சிய சாரசன், பையில் மட்டையைத் தலைகீழாக வைத்து மறைத்தாராம். அந்தப் போட்டியை 283 அடிகளில், ஐந்து அடி முன்னிலையில் வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனும் அவர் வசமானது. பின்னர் வில்சன் நிறுவனம் இத்தகைய மட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிப்பாகம் கனத்த மட்டைகளைச் சாரசனுக்கு முன்பே வேறு சிலரும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆயினும் சாண்ட் வெட்ஜை உலகறியச் செய்தவர் அவரே.

பதினான்கு மட்டை வரம்பு

1930களில் ஒவ்வொரு அடிக்கும் தனி மட்டை என்று பைகள் கனத்தன. லாசன் லிட்டில் என்ற வீரர் 25க்கும் மேற்பட்ட மட்டைகளுடன் ஆடினார். மட்டையை மாற்றினால் போதும், அடிக்கும் முறையை மாற்றத் தேவையில்லை என்ற நிலை ஆட்டத்தைக் கெடுக்கும் என்று கருதப்பட்டது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938 முதலும், ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939 முதலும் 14 மட்டைகள் என்ற வரம்பை விதித்தன. இந்த விதி இன்றும் நடப்பில் உள்ளது. புதிதாக ஒரு வெட்ஜ் சேர்த்தால் வேறொரு மட்டையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அன்று தொடங்கியது.

லாப் வெட்ஜும் கேப் வெட்ஜும்

நாசாவில் இயற்பியலாளராகப் பணியாற்றிய டேவ் பெல்ஸ், 1970களில் தொழில்முறை வீரர்களின் அடிகளை நேரில் அளந்து பதிவுசெய்தார். நீண்ட அடிகளைவிடக் குறுகிய அடிகளிலேயே, தூரத்தின் விகிதத்தில், அவர்களின் பிழை கூடுதலாக இருந்ததைக் கண்டார். குறுகிய தூரத்துக்குப் பெரிய சாய்வுள்ள மட்டை ஒன்று தேவை என்று அவர் வலியுறுத்தினார். அவர் சொல்லை ஏற்று 1980களின் தொடக்கத்தில் 60 டிகிரி வெட்ஜைப் பையில் சேர்த்துக்கொண்டவர் டாம் கைட். 1981இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் மிக அதிகப் பரிசுத்தொகை பெற்றவர் அவரே. 1992 அமெரிக்க ஓப்பனின் இறுதி நாளில், பெபிள் பீச் திடலின் ஏழாம் குழியில் கடும் காற்றுக்கு நடுவே கிரீனுக்கு வெளியிலிருந்து அவர் பந்தை நேராகக் குழியில் போட்டதும் லாப் வெட்ஜால்தான்.

கேப் வெட்ஜ் பிறந்த கதை வேறு. முன்பு பிட்சிங் வெட்ஜின் சாய்வு 50 டிகிரியை ஒட்டி இருந்தது. பந்தை எளிதில் உயர எழுப்பும் புதிய தலை வடிவங்கள் வந்ததாலும், தூரமே விளம்பரமாக ஆனதாலும், உற்பத்தியாளர்கள் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தனர். இன்று பல தொகுப்புகளில் அது 43 முதல் 46 டிகிரிக்குள் உள்ளது. சாண்ட் வெட்ஜோ 54 முதல் 56 டிகிரியிலேயே நின்றுவிட்டது. இடையில் விழுந்த பெரிய இடைவெளியை நிரப்பவே 50 டிகிரியை ஒட்டிய புதிய வெட்ஜ் தேவைப்பட்டது. வேறு விதமாகச் சொன்னால், பழைய பிட்சிங் வெட்ஜே புதுப் பெயரில் திரும்ப வந்தது.

வரிப்பள்ளங்களும் வழக்கும்

1984இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆங்கில யூ எழுத்து வடிவிலான வரிப்பள்ளங்களை அனுமதித்தது. பிங் நிறுவனத்தின் ஐ2 மட்டைகள் இவ்வகையில் புகழ்பெற்றன. ஆனால் அவற்றின் பள்ளங்களுக்கு இடையிலான இடைவெளி விதிப்படி இல்லை என்று சங்கம் கூறியது. நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம் 1989இல் வழக்குத் தொடுத்தார். 1990இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, முன்பே செய்யப்பட்ட ஐ2 மட்டைகள் செல்லும் என்று முடிவானது.

2010இல் பள்ளங்களின் கொள்ளளவையும் விளிம்புக் கூர்மையையும் கட்டுப்படுத்தும் புதிய விதி உயர்மட்டப் போட்டிகளுக்கு வந்தது. அடர்புல்லில் விழுந்த பந்துக்கும் மிகையான பின்சுழற்சி கிடைத்ததால், நேராக அடிப்பதன் மதிப்பு குறைகிறது என்பதே காரணம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பில் மிக்கல்சன் பழைய ஐ2 வெட்ஜைப் பயன்படுத்தியபோது சர்ச்சை வெடித்தது. 1990 உடன்பாடு அவருக்குச் சாதகமாக இருந்தது. சில வாரங்களில் பிங் நிறுவனமே தன் உரிமையை விட்டுக்கொடுக்க, சிக்கல் தீர்ந்தது.

தேர்வுக்கு வரலாறு தரும் பாடம்

வெட்ஜ் வாங்குவோர் பெயரைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. முதலில் தம்மிடமுள்ள பிட்சிங் வெட்ஜின் சாய்வை அறிய வேண்டும். அங்கிருந்து 4 முதல் 6 டிகிரி இடைவெளியில் அடுத்த வெட்ஜுகளை அமைப்பது வழக்கம். 46 டிகிரியில் தொடங்குபவருக்கு 50, 54, 58 என்ற வரிசை பொருந்தும். மட்டை எண்ணிக்கையைக் குறைக்க விரும்புபவர் 52, 58 என இரண்டோடு நிறுத்தலாம்.

பவுன்ஸ் ஆடுபவரையும் தரையையும் பொறுத்தது. மென்மையான மணலிலும் ஈரமான தரையிலும் ஆடுபவருக்கும், மட்டையைச் செங்குத்தாக இறக்குபவருக்கும் 10 டிகிரிக்கு மேற்பட்ட பவுன்ஸ் உதவும். இறுகிய வறண்ட தரையில் அதே மட்டை துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். அங்கே குறைந்த பவுன்ஸே ஏற்றது. புதிதாக ஆட வருபவர் 60 டிகிரி மட்டைக்கு அவசரப்படத் தேவையில்லை. முழு வீச்சில் அடித்தாலும் குறைந்த தூரமே செல்லும் அந்த மட்டையில் சிறு பிழைக்கும் தண்டனை பெரிது. சாரசன் தம் ஆட்டத்தின் குறையை முதலில் கண்டார். அதற்கேற்ற மட்டையைப் பிறகே தேடினார். தேர்வுக்கும் அந்த வரிசையே பொருத்தமானது.