அலமாரியின் முதுகைப் பாருங்கள்

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பள்ளிவாசல்களைப் பற்றியும் கப்பித்தான்களைப் பற்றியும் எழுத நம்மிடையே பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பழைய மரச்சாமான்களை வாங்கி விற்கும் வியாபாரி. எனக்குத் தெரிந்த வரலாறு நாற்காலிக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் இருப்பது. அதையே எழுதுகிறேன்.

எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வீடு மாறுகிறார்கள், அல்லது வீட்டில் ஒரு பெரியவர் வஃபாத்தாகி நாற்பது முடிந்திருக்கும். "தம்பி, வாப்பா காலத்து அலமாரி ஒன்று கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போனால் போதும், காசு ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். இன்னும் சிலர் நேர்மாறு. "இது டச்சுக்காரன் காலத்துச் சாமான், இருநூறு வருஷம்" என்று தொடங்கி ஒரு கார் விலையைச் சொல்வார்கள். இரண்டு தரப்புமே அந்த அலமாரியைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வியாபாரியாக இதைச் சொல்வது எனக்கு நட்டம்தான். ஆனாலும் என்னைப் போன்றவனைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சாமானோடு ஒட்டிக்கொண்டு வரும் கதையை உடனே நம்பக்கூடாது என்பதற்கு நம் கடற்கரையே ஒரு பெரிய சாட்சி. இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்று ஒரு பிரபு இருந்தார். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன், நன்றாகப் படித்தவர், பழம்பொருள் சேர்ப்பதில் பெயர்பெற்றவர். கருங்காலி மரத்தில், இடைவெளி இல்லாமல் பூவும் கொடியும் செதுக்கிய, முறுக்குக் கம்பிகள் வைத்த நாற்காலிகளை அவர் ஒரு மாளிகையில் பார்த்தார். அது எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்ஸி வாழ்ந்த இடம். ஆகவே நாற்காலிகளும் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தச்சர் செய்தவை என்று முடிவு கட்டினார். 1763-இல் அதே போன்ற நாற்காலிகளை ஏலத்தில் வாங்கி, ஸ்ட்ராபெரி ஹில் என்ற தன் மாளிகையில் வைத்தார். அவரைப் பார்த்து மற்ற செல்வந்தர்களும் தேடித் தேடி வாங்கினார்கள்.

உண்மையில் அவை 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பிய வணிகர்களுக்காக நம் ஊர்த் தச்சர்கள் செய்தவை. நாகூரும் நாகப்பட்டினமும் காரைக்காலும் இருக்கிற அதே கரை. இந்தத் தவறு முழுதாகத் தெளிய 20-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. கருங்காலி இங்கிலாந்தில் வளராத மரம். 'இந்த மரம் எங்கிருந்து வந்தது' என்ற ஒரு கேள்வியில் தொடங்கியிருந்தால் இருக்கும் வீட்டின் பெருமை அவர்கள் கண்ணை மறைத்திருக்காது.

ஆகவே முதல் கேள்வி மரம். பினாங்கில் பழைய நல்ல சாமான் என்றால் பெரும்பாலும் தேக்கு. 1826-இல் தெனாசெரிம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மௌல்மேன் துறைமுகத்திலிருந்து பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வெளியே வந்தது. 1852-க்குப் பிறகு ரங்கூனும் அவர்கள் கையில். பர்மாவுக்கும் பினாங்குக்கும் இடையே கடல்வழி நெருக்கம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது, நம் ஊர்ப் புழுக்கத்திலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. உள்ளூர் மரங்களில் செங்கால் இன்னும் கனமானது, ஆனால் அது தூணுக்கும் உத்தரத்துக்கும்தான் அதிகம் போயிற்று. ஞாத்தோ மரத்துக்குச் சாயம் ஏற்றித் தேக்கு என்று விற்பதுண்டு. சாயம் ஏறாத அடிப்பக்கத்தையும், இழுப்பறையின் உள்பக்கத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

இழுப்பறை என்று எழுதுகிறேன், நம் வீடுகளில் அதற்கு 'லாச்சி' என்றுதான் பெயர். மலாயிலிருந்து எடுத்தோம், மலாய்க்காரர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து எடுத்தார்கள். மேசை, அலமாரி, சன்னல், சாவி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். பீரோ பிரெஞ்சு. மலாயில் நாற்காலிக்கு 'கெருசி' என்கிறார்களே, அது அரபியின் குர்சி, ஆயத்துல் குர்சியில் வரும் அதே சொல். பாயும் பெட்டியும் திண்ணையும் போதும் என்று இருந்த சமூகங்களுக்குச் சாமான் வந்தபோது, அதன் பெயரும் கூடவே வந்தது.

பினாங்குச் சாமானின் பாணி ஒரே இனத்துக்குச் சொந்தமானதல்ல. வடிவம் பெரும்பாலும் ஆங்கிலேயருடையது: உருண்டு கடைந்த கால்கள், மேலே கிரீடம் போல் ஒரு பலகை, கண்ணாடி பதித்த கதவு. மரம் பர்மாவுடையது. கை சீனத் தச்சருடையது. லவ் லேனில் இருக்கும் லூ பான் ஹோங், கான்டனீஸ் தச்சர்கள் தங்கள் தொழில் குருவுக்கு எழுப்பிய கோயில். அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஆங்கிலேயர் படத்தைக் காட்டி 'இப்படி ஒன்று' என்று கேட்பார், தச்சர் அதைத் தன் முறையில் செய்வார். ஆணி குறைவாக, துளையில் நாக்கைச் செருகி, ஆப்பு வைத்து இறுக்குவது அவர்கள் பழக்கம். ஆகவே முன்பக்கம் விக்டோரியா மகாராணி காலம், பின்பக்கம் குவாங்டோங் என்று ஒரே அலமாரியில் இரண்டு ஊர் இருக்கும். முத்துச்சிப்பி பதித்த கறுப்பு மர நாற்காலிகளும் பொன்முலாம் பூசிய செதுக்குக் கதவுகளும் பெரனாக்கான் செல்வந்தர் வீட்டுப் பொருள்கள். சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு பெரனாக்கான் மாளிகையில் அவற்றைப் பார்க்கலாம். அந்த வகையை வாங்க ஆசைப்படுபவர்களுக்கு என் கருத்து, முதலில் அங்கே போய் ஒரு நாள் செலவிடுங்கள் என்பதுதான். ஜாவாவில் புதிதாகச் செய்து, பழையதாக்கி விற்பவை சந்தையில் ஏராளம்.

நம்மவர் சாப்பாட்டுக் கடைகளிலும் கோப்பிக் கடைகளிலும் கிடந்த வளைந்த முதுகு நாற்காலியைத் தெரியாதவர் இருக்க முடியாது. உட்காரும் இடம் வட்டம், முதுகுக்கு ஒரே வளையாக வளைத்த உருட்டுக் கம்பு. எனக்கு மிகவும் பிடித்த சாமான் அதுதான். ஜெர்மனியின் பொப்பார்ட் ஊரில் 1796-இல் பிறந்த மைக்கேல் தோனெட் என்ற தச்சரின் கண்டுபிடிப்பு அது. பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்து, காயவைக்கும் முறையை அவர் வியன்னாவில் நிறைவாக்கினார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் போதும். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படித்தவன். வடிவமைப்பு என்று பாடத்தில் படித்ததெல்லாம் இந்த நாற்காலியைக் கழற்றிப் பூட்டியபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

தோனெட்டின் தனியுரிமை 1869-இல் முடிந்தது. உடனே கோன் போன்ற போட்டி நிறுவனங்களும் அதே மாதிரி செய்யத் தொடங்கின. அதே 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கும் நமக்கும் கடல் தூரம் குறைந்தது. கழற்றி அடுக்கிய நாற்காலி கப்பல் கட்டணத்துக்கும் ஏற்றது, கடைக்காரர் பைக்கும் ஏற்றது. இன்று உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் தலைகீழாகத் திருப்புங்கள். உட்காரும் வளையத்தின் உள்விளிம்பில் அழுத்திப் பதித்த பெயரோ, காகிதச் சீட்டின் மிச்சமோ இருக்கலாம். பிரம்பையும் பாருங்கள். வளையத்தில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு இழையாகக் கையால் பின்னியிருந்தால் பழைய முறை. இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளைக் காடியில் அமுக்கி ஒட்டியிருந்தால் பிந்தியது, அல்லது பிறகு மாற்றியது.

தோட்டத் துரைமார் சாய்ந்துகொண்ட நீண்ட கை வைத்த ஈசிசேர் இன்னொரு வகை. கைக்கு அடியில் இருக்கும் பலகையை வெளியே திருப்பினால் காலை அதன்மேல் தூக்கி வைக்கலாம். இப்போது ஹோட்டல்கள் விரும்பி வாங்குகின்றன, அதனாலேயே போலியும் அதிகம்.

மற்றச் சாமான்களில் காலத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கும் அளவு நாடாவும் இருந்தால் போதும். வட்ட மேசையின் பலகையைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள். மரம் நார்ப் போக்கில் சுருங்காது என்றே சொல்லலாம், குறுக்கில்தான் சுருங்கும். பல பத்தாண்டுகள் ஆன மேசை கண்ணுக்கு வட்டம், நாடாவுக்கு வட்டமல்ல. இரண்டு அளவும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களுக்கு முந்தியதல்ல. முனை மழுங்கிய, தலைக்கோடு நடுவில் விழாத கைத்திருகாணி இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னே போகலாம். ஆனால் திருகாணி மாற்றக்கூடியது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இழுப்பறையின் மூலையில் புறா வால் போல் விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டால் கைவேலை, அச்சடித்தது போல் இருந்தால் இயந்திரம். பின்பலகையில் வில்லாக வளைந்த கோடுகள் வட்ட ரம்பத்தின் தடம். நேர்க்கோடு கைரம்பம், ஆனால் நம் பக்கத்தில் கைரம்பம் நெடுங்காலம் ஓடியது. ஆகவே நேர்க்கோட்டைப் பார்த்த உடனே இருநூறு வருஷம் என்று துள்ள வேண்டாம். பின்பலகை முழுவதும் பிளைவுட் என்றால் 20-ஆம் நூற்றாண்டுதான், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1930-களின் வளைந்த மூலை அலமாரிகள் எனக்கு மிகவும் அழகாகத் தெரிகின்றன.

இவையெல்லாம் ஏன் இப்போது? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, 1948-க்கு முன் கட்டிய ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் நம் குடும்பங்கள் குறைந்த வாடகையில் இருந்தன. அந்தச் சட்டத்தை நீக்க 1997-இல் முடிவானது, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகை சந்தை விலைக்குப் போனது. சூலியா ஸ்திரீட்டைச் சுற்றி இருந்தவர்கள் உட்பட எத்தனையோ குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்தபோது கட்டடத்துக்குக் காவல் வந்தது. உள்ளே இருந்த சாமான் அதற்குள் பழைய சாமான் லோரியில் ஏறிவிட்டது. லிப்டுக்குள் போகாது என்று போட்டுவிட்டுப் போன மூன்று கதவுத் தேக்கு அலமாரிகளில் பல, ஆப்புகளைத் தட்டினால் கிரீடம், கதவு, பக்கப் பலகை, அடிப்பீடம் என்று துண்டு துண்டாகக் கழன்றுவிடும் என்பது வீட்டாருக்குத் தெரியவில்லை. வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது.

மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்துப் 'புதுசாக்கி'த் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மேசையை ஒரு கடைக்காரர் அப்படித் தேய்த்துக் கொடுத்தார். கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த விளிம்பும், கணக்கெழுதிய பேனாவின் தடங்களும் போய்விட்டன, விலையும் பாதியாகிவிட்டது. ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கொஞ்சம் மெழுகு தடவினால் போதும். யார், எங்கே, யாரிடம் வாங்கியது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி இழுப்பறைக்குள் ஒட்டிவையுங்கள். மரமும் இணைப்பும் அந்தக் கதைக்கு ஒத்துவந்தால், கதைக்கும் விலை உண்டு.

யாரும் சேர்க்காத ஒரு பொருளைச் சொல்லி முடிக்கிறேன். கல்லாப்பெட்டி. நம் முன்னோர் ஆண்கள் தனியாக வந்து, கடையிலேயே படுத்து, ஊருக்குப் போய்வந்த காலத்தில் அவர்களுக்கு அலமாரியும் கட்டிலும் தேவைப்படவில்லை. பாயும் டிரங்குப் பெட்டியும் போதும். கடைக்கு மட்டும் கல்லாப்பெட்டி வேண்டும். பினாங்கு ஸ்திரீட்டின் செட்டியார் கிட்டங்கிகளிலும் தரையில் சம்மணமிட்டு இதே மாதிரிப் பெட்டிமுன்தான் கணக்கு எழுதினார்கள். தேக்கிலோ பலாவிலோ செய்து, மூலைக்குப் பித்தளைத் தகடு அடித்து, மேல்மூடி எழுதுவதற்குச் சாய்வாக இருக்கும். மூடியைத் தூக்கினால் சில்லறைக்கும் சீட்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள். சிலவற்றில் ஒரு சிறு பலகையை நகர்த்தினால் அதன் பின்னால் இன்னொரு இழுப்பறை ஒளிந்திருக்கும். அருங்காட்சியகத்தார் பெரனாக்கான் கட்டிலைத் தேடுகிறார்கள், வசதி உள்ளவர்கள் ஐரோப்பிய மேசையைத் தேடுகிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை, அதனால் மாடிப்படிக்கு அடியில் பெயின்ட் டப்பா வைக்கப் பயன்படுகிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், உள்ளே கிடக்கும் பழைய சீட்டுகளையும் ரசீதுகளையும் எடுத்துப் போடாமல் அப்படியே வைத்து, எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். விலை பேச அல்ல, பார்ப்பதற்கு.