நடு ஆட்டத்தில் ஒரு நகர்த்தல்

சதுரங்கத்தின் தொடக்கத்தை ஏடு பார்த்துப் பயிலலாம்; முடிவைப் பெரும்பாலும் கணக்கிட்டு அறியலாம். இடைப்பட்ட பகுதியே ஆடுவோரைத் திகைக்க வைப்பது. காய்கள் அணிவகுத்து நிற்கின்றன. வெட்டுதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அரசனுக்கு ஆபத்தும் இல்லை. இந்நிலையில் எந்தக் காயை எங்கே நகர்த்துவது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில், இந்தியத் துணைக்கண்டத்தின் பங்கு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது.

பிரான்சு நாட்டுப் பிலிடோர் 1749இல் வெளியிட்ட நூலில் காலாட்களின் அமைப்புக்கு முதலிடம் தந்தார். 1886இல் முதல் உலக வெற்றிவீரரான ஸ்டைனிட்ஸ், சிறு சிறு நலன்களைச் சேர்த்துக்கொண்ட பின்னரே தாக்குதல் தொடங்கத்தக்கது என்று காட்டினார். பலகையின் நடுக் கட்டங்களைக் காலாட்களால் பிடித்துக்கொள்பவனே வலியவன் என்பது அக்கால ஐரோப்பியரின் துணிபு.

வங்கத்திலோ ஆட்டம் வேறுவகையாக வளர்ந்திருந்தது. பழைய இந்திய முறைப்படி காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் யானையோடு இடம்மாறிக் கோட்டை கட்டுவதில்லை. ஒருமுறை மட்டும் குதிரைபோல் தாவலாம். ஆகவே படைகள் மோதிக்கொள்ளுமுன் நெடுநேரம் செல்லும். அவ்வேளையில் காய்களைத் தக்க இடத்தில் நிறுத்தும் பொறுமையே ஆட்டக்காரனின் மூலதனம்.

அம்முறையில் பழகியவர் மகேஷ்சந்திர பானர்ஜி. கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் என்ற ஸ்காத்லாந்தியர் இவரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் குறித்து வைத்தார். அவற்றிற் பெரும்பாலானவற்றில் காக்ரேனே வென்றார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பானர்ஜி ஆடிய விதம் புதுமையானது. நடுக்கட்டங்களை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, மந்திரியை ஓரத்து மூலைவழியில் மறைவாக நிறுத்தி, எதிரியின் காலாட்கள் முன்னேறிய பின் அவற்றைத் தாக்குவார். 1855 மே மாதத்தில் அவர் இவ்வாறு ஆடித் தோற்ற ஓர் ஆட்டத்தின் தொடக்கம், 1922இல் வியன்னாவில் குருன்பெல்டு என்பவர் அலெகைனை வென்றபோது மீண்டும் தோன்றியது. இன்று அது குருன்பெல்டின் பெயராலேயே வழங்குகிறது! அதனோடு உறவுடைய பிற தொடக்கங்களுக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பொதுப்பெயரேனும் எஞ்சியது.

விட்டுக்கொடுத்து வெல்வது எப்படி என்று கேட்பவர் வன்னியை நோக்கலாம். கனகராயன்குளத்தின் பெயரையே தாங்கிய கனகராயன் ஆறு வடக்கே சென்று இரணைமடுவில் தேங்குகிறது. மாரிவெள்ளத்தை எதிர்த்து நிற்பவன் உழவன் அல்லன். அதை வரவிட்டு, அணைகட்டித் தேக்கி, பயிருக்கு வேண்டிய நாளில் துருசைத் திறப்பவனே உழவன். நடு ஆட்டத்தில் நல்ல நகர்த்தலும் பெரும்பாலும் இத்தகையதே. எந்தக் காய் வேலையற்று நிற்கிறது, எதிரி விரும்புவது யாது, எந்தக் காலாள் பின்வாங்க இயலாத இடத்திற்கு வந்துவிட்டது என்னும் மூன்றையும் ஆராய்ந்தால் நகர்த்தல் தானே புலப்படும். 1920களில் நிம்சோவிச்சு முதலியோர் இதனைக் கோட்பாடாக வகுத்தனர்.

கோட்பாடு எதனையும் படியாது அதனைச் செய்துகாட்டியவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். 1929இல் நவாப் சர் உமர் ஹயாத் கானுடன் இலண்டன் சென்றவர், சில மாதங்களிலேயே பிரித்தானிய வெற்றிவீரரானார். 1932லும் 1933லும் மீண்டும் வென்றார். தொடக்க நகர்த்தல்களில் அவருக்கு ஏட்டறிவு குறைவு. அக்குறையை நடு ஆட்டத்தில் ஈடுசெய்தார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வெற்றிவீரர் கப்பபிளாங்காவின் அரசிக்கு வெளியேற வழியில்லாது செய்து, இரு யானைகளைக் கொடுத்து அதனைக் கைப்பற்றி, 65ஆம் நகர்த்தலில் வென்றார். அவசரம் ஒரு கணமும் தலைகாட்டாத ஆட்டம் அது.

பின்னர் தமிழ்நாட்டின் மானுவேல் ஆரன் 1960இல் லைப்சிக்கில் யூவேயை வென்றார். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். 1962இல் ஸ்டாக்ஹோமில் கடைசி இடமே கிடைத்தபோதிலும், போர்டிஷையும் ஊல்மனையும் வீழ்த்தினார். 1972இல் சென்னையில் அவர் அமைத்த தால் சதுரங்கக் கழகத்திற் பயின்ற விசுவநாதன் ஆனந்த், 1988இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

சுல்தான் கானின் கதை வேறு. 1933இல் தாயகம் திரும்பியவர் பெரும் போட்டிகளுக்கு மீளவில்லை. 1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முறையாக 27 பேரைக் கிராண்ட்மாஸ்டர்களாக அறிவித்தபோது, 1914ஆம் ஆண்டோடு போட்டி ஆட்டத்தை விட்டொழிந்த டூராசும் அப்பட்டியலில் இருந்தார்; சுல்தான் கான் இல்லை. அவர் 1966இல் காலமானார். கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல் வழங்கப்பட்டது.