தோட்டத்து மின்வலுவும் லயன்களின் இருளும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் வரலாறு பெரிதும் பயிரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அது மின்வலுவின் வரலாறுமாகும். மலையக அருவிகளைச் சுழலிகளிற் பாய்ச்சித் தேயிலைத் தொழிற்சாலைகளை இயக்கும் முறை ஆங்கிலேயத் துரைமார் காலத்திலேயே வேரூன்றியது. 1918இல் டி. ஜே. விமலசுரேந்திர நாட்டளாவிய நீர்மின்வலுவின் தேவையை வலியுறுத்தினார். லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டமோ 1950இலேயே நிறைவேறியது. தேசிய மின்வலை பரவியதும் தோட்டங்களின் சிறு நீர்மின் நிலையங்கள் பல கைவிடப்பட்டன.

மின்வலையோடு புதியதொரு கணக்கும் வந்தது. வாட்டும் விசிறிகளை இயக்கும் தூண்டல் மோட்டார்கள், தம் காந்தப்புலத்தைப் பேணவும் மின்னோட்டத்தை இழுப்பவை. வலுக்காரணி 0.7 எனின், 100 கிலோவோற்று அம்பியரில் 70 கிலோவாற்றே பயன்தரும். உச்சக் கேள்விக்கான கட்டணம் கிலோவோற்று அம்பியரிற் கணிக்கப்படுவதால், கொள்ளளவிகளைப் பொருத்திக் காரணியை உயர்த்துவது நிருவாகச் சிக்கனமாயிற்று. இன்றைய ஆளிமுறை மின்வழங்கிகளில் இலத்திரனியற் சுற்றே அத்திருத்தத்தைச் செய்கின்றது.

ஆயின், தொழிற்சாலைக்கு எட்டிய மின்கம்பி அருகிருந்த லயன் அறைகளுக்குப் பன்னெடுங்காலம் எட்டவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் உடைமையை மாற்றியது. குப்பிவிளக்கை உடனே மாற்றவில்லை. விரயத்தை நுணுகி அளந்த நிருவாகத்திற்கு இருளை அளப்பதும் அரிய கணக்கன்று. தொழிலாளர் குடியிருப்பு அதன் கணக்கேட்டில் இடம்பெறவில்லை என்பதே உண்மை.